கம்ப்யூட்டர் பாட்டும் கர்ரென்ற சத்தமும்: வீட்டில் 'டாக்' செய்வோருக்குச் சில குறிப்புகள்

தாராவி 90 அடி சாலையில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய தகப்பனார் ஊர்க் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுப் பாடியவர். காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தக் குரல் இன்று ஆறு கேசட்டுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பேரன் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் கேட்பதற்காக லாமிங்டன் ரோட்டில் உதிரி போர்டுகள் வாங்கி வந்து, தானே ஒரு 'டாக்' செய்திருக்கிறான். பாட்டு வருகிறது. கூடவே 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சலும் வருகிறது.

"பிளக்கில் மேலே இருக்கிற பெரிய பின்னைக் கழத்திட்டா சத்தம் நின்னு போகுது அண்ணாச்சி. அப்படியே விட்டுரலாமா?" என்று கேட்டார் நண்பர்.

விடவே கூடாது. அதற்கான காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் முக்கிய நோக்கம். ஆனால் நம் குடும்பங்களில் இப்போது பல பிள்ளைகள் இப்படிப்பட்ட வேலைகளில் இறங்கியிருப்பதால், டாக் என்பது என்ன, அதன் வயர்களை எப்படி இணைப்பது, சத்தம் வராவிட்டால் எங்கே தேடுவது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டு வெறும் எண்களின் வரிசை. 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி. தட்டுக்கென்று வகுத்த கணக்குப்படி, ஒலி அலையை ஒரு நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். 16 பிட் என்றால் 65,536 படிகள் உள்ள ஓர் ஏணி என்று வைத்துக் கொள்ளலாம். இந்த எண்களைத் திரும்பவும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றும் சில்லுக்குத்தான் 'டாக்' என்று பெயர். ஒவ்வொரு லேப்டாப்பிலும் கைப்பேசியிலும் ஒரு டாக் உள்ளேயே இருக்கிறது. அது பக்கத்திலேயே ஓடும் பிராசஸரின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக் கொள்வதால் வெளியே தனியாக ஒன்று வைத்துக் கொள்கிறோம். தானே செய்து கேட்பதில் ஒரு மகிழ்ச்சியும் உண்டு.

வெளியே வைக்கும் பெட்டியில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. யு.எஸ்.பி. கேபிளில் வரும் தகவலைப் பிரித்து, எண்களை ஒழுங்கான தாளத்தில் எடுத்துக் கொடுப்பது முதல் வேலை. அவற்றை ஒலியலையாக மாற்றுவது இரண்டாவது வேலை. நண்பரின் மகன் முதல் வேலைக்கு பி.சி.எம். 2706 என்ற சில்லு உள்ள போர்டும், இரண்டாவதற்கு பி.சி.எம். 5102ஏ உள்ள போர்டும் வாங்கியிருந்தான். இரண்டுமே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தயாரிப்பு; ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றவை. இந்தச் சில்லுகளின் கால்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் இருப்பவை. என் வயதுக் கண்களுக்கு அவற்றை சால்டர் செய்வது ஆகாத காரியம். ஆகவே சில்லைத் தனியாக வாங்காமல் போர்டாக வாங்குவதே உத்தமம்.

சாதாரண யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு வயர்கள். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. வெள்ளை டி மைனஸ், பச்சை டி பிளஸ். இந்த நிறங்களைக் கண்ணை மூடிக் கொண்டு நம்ப வேண்டாம். மலிவான கேபிள்களில் நிறம் மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மீட்டரை வைத்து முனைக்கு முனை சரிபார்த்த பிறகே வெட்டி ஒட்டுங்கள். வெள்ளையும் பச்சையும் இடம் மாறினால் எதுவும் எரிந்துவிடாது. ஆனால் கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியை அடையாளம் காணாது. சிவப்பும் கறுப்பும் மாறினால் போர்டு போய்விடும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. சில கேபிள்கள் சார்ஜ் செய்வதற்கு மட்டுமே உரியவை. உள்ளே தகவல் வயர்களே இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. பையன் இரண்டு நாள் போர்டைக் குற்றம் சொல்லியிருக்கிறான். கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதேபோல் டைப்-சி சாக்கெட் உள்ள சில மலிவு போர்டுகளில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை வைக்காமல் விட்டிருப்பார்கள். இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் அவற்றுக்கு மின்சாரமே கிடைக்காது. பழைய அகல முனை கேபிளில் போட்டால் வேலை செய்யும்.

புதிதாக இணைத்த போர்டை முதன்முதலில் லேப்டாப்பில் செருகாதீர்கள். 5 வோல்ட் வயருக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் எங்கோ ஷார்ட். அது தேறினால் ஒரு பழைய கைப்பேசி சார்ஜரில் செருகி, 5 வோல்ட் வருகிறதா, போர்டில் உள்ள ரெகுலேட்டருக்குப் பிறகு 3.3 வோல்ட் வருகிறதா என்று அளந்து கொள்ளுங்கள். போனால் சார்ஜரோடு போகட்டும். நானே ஒரு தடவை அவசரத்தில் 3.3 வோல்ட் முனையில் 5 வோல்ட்டைக் கொடுத்து ஒரு போர்டைத் தீர்த்துக் கட்டியிருக்கிறேன். புகைகூட வரவில்லை, சத்தமில்லாமல் செத்துப் போயிற்று.

இனி இரண்டு போர்டுகளுக்கும் நடுவே உள்ள இணைப்பு. இதற்கு ஐ-ஸ்கொயர்-எஸ் என்று பெயர். பிலிப்ஸ் கம்பெனி 1986-இல் வகுத்த முறை. இன்றும் அதுவே நடைமுறையில் இருக்கிறது. மூன்று வயர்கள் போதும். ஒன்று பிட் கிளாக்: ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு தட்டு. இரண்டாவது இடது, வலது எது என்று சொல்லும் வயர், போர்டுகளில் எல்.ஆர்.சி.கே. அல்லது டபிள்யூ.எஸ். என்று அச்சிட்டிருக்கும். மூன்றாவது தகவல். சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், பிட் கிளாக் அட்சரம், எல்.ஆர்.சி.கே. ஆவர்த்தனம், தகவல் வயர் சாகித்தியம். சி.டி. தரத்துப் பாட்டில் எல்.ஆர்.சி.கே. நொடிக்கு 44,100 தடவை மாறி மாறி அடிக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 32 அட்சரம் வைத்தால் மொத்தம் 64. அதாவது பிட் கிளாக் 2.8224 மெகா ஹெர்ட்ஸ்.

நான்காவதாக ஒரு வயர் வேண்டும். அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிரவுண்ட். ரயில்வேயில் புதிதாகச் சேரும் பையன்களிடம் நான் சொல்வது இதுதான்: மேலே தொங்கும் கம்பியை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், அதில் வந்த கரண்ட் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்று பார். நம் பம்பாயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி வி.டி.யிலிருந்து குர்லா வரை முதல் மின்சார ரயில் ஓடிய நாளிலிருந்தே, மேலே கம்பியில் வரும் கரண்ட் கீழே தண்டவாளம் வழியாகத்தான் சப்-ஸ்டேஷனுக்குத் திரும்புகிறது. அந்த வழியில் ஒரு பாண்ட் வயர் அறுந்தால், கரண்ட் நின்றுவிடுவதில்லை. தனக்கு அகப்பட்ட வேறு பாதையில் போகிறது. தொல்லையெல்லாம் அங்கேதான் ஆரம்பம். டாக் பெட்டிக்குள்ளும் அதே கதைதான்.

ஆகவே ஐ-ஸ்கொயர்-எஸ் வயர்கள் பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றோடும் ஒரு கிரவுண்ட் வயரை முறுக்கி ஓட்டினால் இன்னும் நல்லது. அனுப்பும் போர்டின் பக்கத்தில் ஒவ்வொரு சிக்னல் வயரிலும் 33 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் தொடராக வைத்தால் அலையின் முனைகள் அதிர்வது குறையும். நீளமான ஜம்பர் வயர்களில் பாட்டு வரத்தான் செய்யும். ஃபேன் போட்டால் டிக், ஃபிரிட்ஜ் ஓடினால் டிக் என்று நடுநடுவே உடையும்.

அலைகளைப் பார்க்க ஆசிலாஸ்கோப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஏதாவது பாட்டை ஓட விட்டு அளந்து பாருங்கள். பாதி நேரம் 3.3 வோல்ட்டும் பாதி நேரம் பூஜ்யமுமாக மாறும் அலையை மீட்டர் சராசரியாக 1.65 வோல்ட் என்றே காட்டும். பிட் கிளாக்கும் எல்.ஆர்.சி.கே.யும் இரண்டுமே 1.65-க்குப் பக்கத்தில் இருந்தால் அவை ஓடுகின்றன என்று அர்த்தம். பூஜ்யமோ 3.3-ஓ நிலையாக நின்றால் ஓடவில்லை. தகவல் வயர், பாட்டில்லாத மௌனத்தில் பூஜ்யத்தில் கிடக்கும். பாட்டு வந்ததும் பூஜ்யத்துக்கும் 1.65-க்கும் இடையில் தத்தளிக்கும். மீட்டரில் ஹெர்ட்ஸ் நிலை இருந்தால் எல்.ஆர்.சி.கே.யில் 44.1 கிலோ ஹெர்ட்ஸ் அல்லது 48 கிலோ ஹெர்ட்ஸ் என்று எண்ணாகவே காட்டிவிடும். மாட்டுங்காவில் ஒரு நண்பர் வீட்டில் இந்த ஒரு மீட்டரை மட்டும் வைத்துக் கொண்டு கால் மணி நேரத்தில் கோளாறைக் கண்டுபிடித்தோம். இரண்டு கிளாக்கும் ஓடின, தகவல் வயர் மட்டும் பூஜ்யம். சால்டர் பார்ப்பதற்குப் பளபளவென்றிருந்தது. உள்ளே ஒட்டவே இல்லை.

கோளாறு தேடும்போது நடுவில் கையை வையுங்கள். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் போனால் நேரம் போய்விடும். ஐ-ஸ்கொயர்-எஸ் வயர்கள்தான் நடு. அங்கே மூன்றும் சரியாக இருந்தால் கேபிள், கம்ப்யூட்டர், யு.எஸ்.பி. போர்டு மூன்றையும் ஒரேயடியாக மறந்துவிடலாம். குற்றம் டாக் போர்டிலோ அதற்குப் பிறகோதான். அங்கே எதுவும் இல்லை என்றால் பின்னோக்கிப் போங்கள். கம்ப்யூட்டரின் ஒலிச் சாதனப் பட்டியலில் புதிதாக ஒரு யு.எஸ்.பி. ஆடியோ பெயர் தெரிகிறதா? தெரிந்தும் சத்தம் இல்லையென்றால், ஒலி வெளியேறும் சாதனமாக அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா? சிரிக்க வேண்டாம், பலருக்கு இதுதான் காரணம். 2706 போர்டில் இன்னொன்றும் உண்டு. அந்தச் சில்லு ஐ-ஸ்கொயர்-எஸ் தருவதா, எஸ்.பி.டி.ஐ.எஃப். தருவதா என்பதை ஒரு பின்னை வைத்துத்தான் தீர்மானிக்கும். அது தவறான பக்கம் கட்டப்பட்டிருந்தால், கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும், ஐ-ஸ்கொயர்-எஸ் வயர்களில் ஒன்றும் இருக்காது.

5102ஏ போர்டில் சத்தமே வராததற்கு இரண்டு காரணங்கள் பிரசித்தம். எஸ்.சி.கே. என்ற பின்னை நாம் உபயோகிக்கவில்லை என்று அந்தரத்தில் விட்டுவிடுவது ஒன்று. அதைக் கிரவுண்டில் கட்ட வேண்டும். கட்டினால் சில்லு தனக்கு வேண்டிய மாஸ்டர் கிளாக்கைப் பிட் கிளாக்கிலிருந்து தானே உண்டாக்கிக் கொள்ளும். அடுத்தது எக்ஸ்.எஸ்.எம்.டி. என்ற பின், அது தாழ்ந்திருந்தால் வாய் கட்டினது போல் மௌனமாகிவிடும். அதை 3.3 வோல்ட்டில் கட்ட வேண்டும். சில போர்டுகளில் இவற்றைப் பின்புறம் சின்னச் சின்ன சால்டர் பாலங்களாக விட்டிருப்பார்கள். தொழிற்சாலையில் போட்டிருப்பார்கள் என்று நம்பிவிடாமல் திருப்பிப் பாருங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் கரகரப்பாக, உடைந்து வருகிறது என்றால் முறை பொருந்தவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். ஐ-ஸ்கொயர்-எஸ்ஸில் எல்.ஆர்.சி.கே. மாறியபின் ஓர் அட்சரம் தள்ளித்தான் முதல் பிட் வரும். இடம் விடாமல் உடனே எடுக்கும் வேறு முறைகளும் உள்ளன. அனுப்புவது ஒரு முறை, வாங்குவது வேறு முறை என்றானால் எண்கள் ஓர் இடம் நகர்ந்துவிடும். மெதுவான இடங்களில் ஓரளவு பாட்டு கேட்டு, மிருதங்கம் பலமாக விழும் இடத்தில் மட்டும் பயங்கரமாக உடைந்தால் தலைப் பிட் தொலைந்து போகிறது என்பதற்கு அது அடையாளம். பழைய பிலிப்ஸ் சில்லுகளில் ஆசையுள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: டி.டி.ஏ. 1543 என்பது ஐ-ஸ்கொயர்-எஸ் வாங்கும். கடைசியில் 'ஏ' சேர்ந்த டி.டி.ஏ. 1543ஏ வாங்காது, அது ஜப்பானிய முறைக்கானது. எட்டே கால், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உற்பத்தி நின்று வெகு காலமானதால் பழைய பெட்டிகளிலிருந்து எடுத்ததும் போலியும் கலந்தே சந்தையில் கிடைக்கின்றன.

இடையிடையே 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு வருவது வேறு வியாதி. யு.எஸ்.பி.யில் பாட்டு ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு பொட்டலமாகப் போகிறது. மற்றத் தகவல்களில் ஒரு பொட்டலம் கெட்டுப் போனால் மறுபடி கேட்டு வாங்கும். பாட்டில் அப்படி இல்லை, போனது போனதுதான். அதற்கு நேரம் கிடையாது. ஆகவே ஐந்து மீட்டருக்கு மேல் கேபிள் வேண்டாம், நடுவே ஹப் வேண்டாம், லேப்டாப்பின் மின்சிக்கன ஏற்பாடு யு.எஸ்.பி.யைத் தூங்க வைக்கிறதா என்று பாருங்கள்.

போர்டு வாங்கும்போது கடைக்காரர் 'அசின்க்ரனஸ்' என்று பெருமையாகச் சொல்வார். அதன் பொருள் இவ்வளவுதான். 2706 போன்றவற்றில், வரும் வண்டிகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் தன் கடிகாரத்தைத் திருத்திக் கொண்டே இருக்கிறார். கம்ப்யூட்டர் சிறிது தடுமாறினால் இவர் கடிகாரமும் சிறிது தடுமாறும். அசின்க்ரனஸ் போர்டில் கடிகாரம் டாக் பக்கத்தில், நல்ல கிரிஸ்டலில் ஓடுகிறது. 'கொஞ்சம் கூட அனுப்பு, கொஞ்சம் குறைத்து அனுப்பு' என்று இவர்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறார். இரண்டாவது முறை மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கேசட்டிலிருந்து எடுத்த பாட்டுக்கு அந்த வித்தியாசம் காதில் விழுமா என்றால், என் காதில் விழவில்லை. கேசட் மோட்டாரின் தள்ளாட்டம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

இப்போது நண்பர் வீட்டுக் 'கர்ர்ர்' சத்தத்துக்கு வருவோம்.

அது 50 சைக்கிள் மின்சாரமும் அதன் மடங்குகளும். 100, 150, 200 என்று வரிசையாக வரும். இந்த 100 சைக்கிள் ஐந்து கட்டை சுருதியின் மந்தர ஷட்ஜத்துக்கு மிகவும் பக்கத்தில், சற்றே மேலே நிற்கிறது. அந்த ஷட்ஜம் 98 சைக்கிள். 200-உம் அப்படியே, 196-க்கு மேலே. ஐந்து கட்டையில் பாடும் அம்மாள் ஒருவரின் கச்சேரியைக் கேட்கும்போது, தம்புரா நொடிக்கு இரண்டு தடவை, நான்கு தடவை என்று அசைவது போல் தோன்றினால் தம்புராவைக் குறை சொல்லாதீர்கள். மின்சார வாரியமும் கூடவே சுருதி சேர்க்கிறது.

இது எங்கிருந்து நுழைகிறது? மூன்று பின் சார்ஜர் உள்ள லேப்டாப்பின் கிரவுண்ட், பெரும்பாலும் எர்த்தோடு சேர்ந்திருக்கும். ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியும் எர்த்தில் இருக்கும். லேப்டாப்பிலிருந்து யு.எஸ்.பி. கேபிள், டாக், பிறகு ஆர்.சி.ஏ. வயரின் வெளிவலை, பிறகு ஆம்ப்ளிஃபயர், அதன் எர்த், சுவர் வழியாகத் திரும்ப லேப்டாப்பின் எர்த். ஒரு பெரிய வளையம் உண்டாகிவிட்டது. இரண்டு பிளக் பாயிண்டுகளின் எர்த்துக்கு இடையே சிறு வித்தியாசம் இருந்தாலும், வளையத்துக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் புகுந்தாலும், அந்த வெளிவலையில் கரண்ட் ஓடும். வலையின் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம், ஓடும் கரண்ட் 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கொள்ளுங்கள். 2 மில்லி வோல்ட் இறங்கும். டாக் கொடுக்கும் உச்ச சிக்னல் 2 வோல்ட். ஆயிரத்தில் ஒரு பங்கு இரைச்சல். வில்லுப்பாட்டில் குடம் முழங்கும்போது தெரியாது. பாடகர் மூச்சு வாங்கும்போது நன்றாகவே கேட்கும்.

இந்த வளையத்தை எங்கே வெட்டினாலும் சத்தம் நிற்கும். ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னைக் கழற்றினால் நிற்பதும் அதனால்தான். பிரச்னை என்னவென்றால், அந்தப் பின் சத்தத்துக்காக வைத்ததல்ல, உயிருக்காக வைத்தது. ஆம்ப்ளிஃபயருக்குள் என்றாவது டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் கெட்டு 230 வோல்ட் பெட்டியைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும், அல்லது ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இல்லையென்றால் அந்தக் கரண்ட் திரும்ப வேறு வழி தேடும். இருக்கும் ஒரே வழி ஆர்.சி.ஏ. வயரின் மெல்லிய வலை. அதன் வழியாக டாக் பெட்டி, அதிலிருந்து யு.எஸ்.பி. கேபிள், அதிலிருந்து லேப்டாப்பின் உலோக உடம்பு. பையன் லேப்டாப்பை மடியில் வைத்துப் பேட்டரியில் ஓட்டிக் கொண்டிருந்தால், கரண்ட் தரைக்குப் போகும் பாதையில் அடுத்து இருப்பது பையன். ஓர் இரைச்சலை நிறுத்துவதற்காக வீட்டிலுள்ள மூன்று பெட்டிகளையும் ஒரேயடியாக ஆபத்தாக்கிவிட்டோம்.

நண்பர் முகம் மாறிவிட்டது. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். பின்னைத் திரும்பப் பொருத்தியதும் முதலில் செய்தது, லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட விட்டது. 'கர்ர்ர்' உடனே நின்றது. எந்த ஆபத்தும் இல்லாத, காசு செலவில்லாத சோதனை இது. நின்றால் வளையம்தான் காரணம். நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் உள்ளேயோ ஆர்.சி.ஏ. வயரின் சால்டரிலோ தேட வேண்டும்.

அடுத்ததாகப் பிளக் பாயிண்டுகளைப் பார்த்தோம். நம்மவர்கள் குடியிருக்கும் பழைய சால்களிலும், மாட்டுங்கா, செம்பூர் பழைய கட்டடங்களிலும் சாக்கெட்டில் எர்த்துக்கு ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. வெறும் டெஸ்டர் இதைக் காட்டிக் கொடுக்காது. மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230-க்குப் பக்கத்திலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். நிலையில்லாமல் எதையாவது காட்டினால் வயர் இல்லை. பழக்கமில்லாதவர்கள் 230 வோல்ட்டில் மீட்டர் முனையை வைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நண்பர் வீட்டில் இரண்டு பாயிண்டில் ஒன்றில் எர்த் இருந்தது, மற்றதில் இல்லை. எர்த் இல்லாத இடத்தில்தான் லேப்டாப் சார்ஜர் இருந்தது. அப்படியானால் சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கண்டன்சர்களின் கசிவுக் கரண்ட் போக இடமில்லாமல் யு.எஸ்.பி. வழியாக ஆம்ப்ளிஃபயர் எர்த்துக்கு வந்து கொண்டிருக்கிறது. அந்த மாதிரி லேப்டாப்பை விரல் நுனியால் தடவினால் சுருசுருவென்று இருக்குமே, அதே கரண்ட்தான். 'ம்ம்ம்' என்று இல்லாமல் 'கர்ர்ர்' என்று முரடாக ஒலித்ததற்கும் அதுவே காரணம்.

எர்த் உள்ள பாயிண்டில் ஒரே ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, லேப்டாப், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் அதிலேயே போட்டோம். முக்கால்வாசி இரைச்சல் அதிலேயே போயிற்று. மற்றப் பாயிண்டுக்கு எர்த் இழுக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியாயிற்று. அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொன்னேன்.

மிச்சத்துக்கு மூன்று வழிகள். டாக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஜோடி வைக்கலாம்; பாட்டு காந்தம் வழியாகத் தாண்டும், கிரவுண்ட் தாண்டாது. மலிவானதில் குடத்தின் அடிநாதம் கொஞ்சம் மெலியும். அல்லது 2706-இன் எஸ்.பி.டி.ஐ.எஃப். வழியை ஒளிக் கேபிளில் அனுப்பலாம். வாங்கும் பக்கமும் அதற்கேற்ற பெட்டி வேண்டும். மூன்றாவது, யு.எஸ்.பி. வழியிலேயே ஏ.டி.யு.எம். 4160 சில்லு உள்ள ஐசொலேட்டர் போர்டு. அனலாக் டிவைசஸ் தயாரிப்பு. நாங்கள் தேர்ந்தெடுத்தது இதையே. இது 12 மெகா பிட் வேகத்துக்கு மட்டுமே ஆனது என்பதைக் கவனிக்கவும். 2706-க்கு அது போதும். 480 மெகா பிட்டில் ஓடும் பெரிய அசின்க்ரனஸ் போர்டுகளை இதில் மாட்டினால் ஓடாது, அல்லது அரைகுறையாக ஓடும். அவற்றுக்கென்று வேகமான ஐசொலேட்டர்கள் தனியாக வந்திருக்கின்றன. மேலும் இந்தப் போர்டில் அந்தப் பக்கத்துக்கு 5 வோல்ட் கொடுப்பது ஒரு வாட் அளவுள்ள சின்னக் கன்வெர்ட்டர். 200 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கக் கூடாது. நம் இரண்டு போர்டுகளுக்கும் தாராளம்.

ஐசொலேட்டரை வைத்ததும் சார்ஜர் செருகியிருக்கும்போதே ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டோம். ஒன்றுமில்லை. ஆனால் கேசட் பாட்டைப் போட்டதும் மெல்லியதாக ஒரு 'ம்ம்ம்' திரும்பவும் வந்தது. பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டை நிறுத்தச் சொன்னேன், அதுவும் நின்றது. அப்படியென்றால் அது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்று இதே எர்த் வளையம் அங்கேயும் இருந்து ஃபைலில் பதிந்துவிட்டது. இதை ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் 50, 100, 150 சைக்கிள்களை மட்டும் குறுகலாக வெட்டி ஓரளவு எடுக்கலாம். எடுத்தால் அவற்றோடு குடத்தின் ஒலியிலும் கொஞ்சம் போகும். கேசட்டுகள் இன்னும் நல்ல நிலையில் இருப்பதால் வெட்டுவதைவிட ஆறையும் மறுபடி ஏற்றுவதே சரி என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை லேப்டாப் பேட்டரியில், சார்ஜர் செருகாமல், டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு.

முதல் கேசட்டின் ஏ பக்கம் ஏறி முடிந்திருக்கிறது. நண்பர் வந்து சொல்லிவிட்டுப் போனார். உடுக்கைக்கும் குடத்துக்கும் பின்னால் யாரோ, "மைக்கைக் கொஞ்சம் கிட்ட வைடே" என்று சொல்வது இப்போது கேட்கிறதாம். அது அவருடைய சித்தப்பா குரல்.